வானொலிக் கச்சேரியைத் தேயாமல் தட்டில் ஏற்றுவது எப்படி?

பாலக்காடு மாவட்டம் வண்டித்தாவளத்திலிருந்து ஒரு அம்மணி கேட்டிருக்கிறார். அப்பா ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். வயது 80 தாண்டிவிட்டது, கண் மங்கிவிட்டது. போன் திரையில் எதையும் தேடிப் போட அவரால் முடியாது. டிவிடி பிளேயரில் தட்டைத் தள்ளிவிட்டால் பாடும் என்பது மட்டும் கைப்பழக்கம். வானொலியில் வரும் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைத் தரம் குறையாமல் பதிவு செய்து அவருக்குத் தட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். வானொலியை டிவியில் ஓடவிட்டு, அதன் முன்னால் போனை வைத்துப் பதிவு செய்து பார்த்தாராம். மின்விசிறியும் பக்கத்து வீட்டுச் சேவலும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. சரியான வழி என்ன, சட்டப்படி இது தப்பா, தட்டு எத்தனை நாள் தாங்கும் என்பது கேள்வி.

அம்மணி, டிஷ் வழியாகவோ இணையம் வழியாகவோ ஒலி உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போதே எண்களாகத்தான், அதாவது டிஜிட்டலாகத்தான் வருகிறது. அதை எண்களாகவே பிடித்து, எண்களாகவே வெட்டி, எண்களாகவே தட்டில் ஏற்றுங்கள். நடுவில் ஸ்பீக்கரோ மைக்கோ ஹெட்போன் துளையோ வரவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றினால் மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்து முடிக்கிற வேலைதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் 40 வருடமாக ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்தவன் நான். நம்ம பக்கத்தில் கிழக்கே திருப்பினால் கோயம்புத்தூர் நிலையம் 999 கிலோஹெர்ட்ஸ், மேற்கே திருப்பினால் திருச்சூர் நிலையம் 630 என்று இரண்டு மொழியிலும் காது வளர்ந்தது. பிறகு வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி வந்தது. ஏஷியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் மேலே போனது. கையகல ஆன்டெனாவை ஜன்னலில் வைத்தால் 'ஸ்ருதி' என்ற அலைவரிசையில் இரவும் பகலும் கர்நாடக சங்கீதம் கேட்கும். நான் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். ஒரு சிடியில் நிறைய மணி நேரம் அடங்க வேண்டும் என்ற ஆசையில் எம்பி3 ஆக விநாடிக்கு 64 கிலோபிட்டுக்குச் சுருக்கினேன். 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் அந்தச் சேவை நின்றது. இன்று அந்தத் தட்டுகளைப் போட்டால் தம்புரா தண்ணீருக்கு அடியில் கேட்கிறது. கைதட்டல், எண்ணெய்ச் சட்டியில் எதையோ பொரிக்கிற மாதிரி இரைகிறது. ஏற்கெனவே சுருக்கி வந்ததை நான் இரண்டாம் முறையும் சுருக்கியதன் பலன் அது. திரும்பப் பிடிக்க அந்த ஒலிபரப்பு இனி இல்லை.

சுருக்குவது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. எம்பி2, எம்பி3, ஏஏசி எல்லாமே காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை அனுப்பும் முறைகள். ஒரு தடவை தூக்கிப் போட்டால் பெரும்பாலும் தெரியாது. அதை விரித்து, மறுபடி இன்னொரு முறையில் சுருக்கும்போது, ஏற்கெனவே ஓரம் தேய்ந்ததிலிருந்து இன்னும் தேய்க்கிறோம். முதலில் அடிபடுவது மிருதங்கத்தின் சாப்பு, அதாவது கணீரென்று விழும் அடி. அடி விழுவதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னாலேயே ஒரு மங்கலான சலசலப்பு வந்துவிடும். செம்பை வைத்தியநாத பாகவதரையும் (1896–1974) பாலக்காடு மணி ஐயரையும் (1912–1981) நம்மவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மாவட்டம் இது. இங்கே மணி ஐயர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த ஒரு பெரியவருக்கு, சாப்பு சரியாக விழவில்லை என்றால் உடனே தெரியும். உங்கள் அப்பா வாய் திறந்து சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டை மறுபடி போடமாட்டார்.

இனி எங்கிருந்து பிடிப்பது. டிஏபி என்கிற தரைவழி டிஜிட்டல் ரேடியோ நம் நாட்டில் வழக்கத்தில் இல்லை. ஆகாசவாணி டிஆர்எம் முறையில் சில மத்திய அலை நிலையங்களை டிஜிட்டலாக்கியது. அதைப் பிடிக்கும் கருவி சில புதிய கார்களில்தான் இருக்கிறது, வீட்டில் வைப்பதற்குச் சுலபமாகக் கிடைக்காது. அதனால் நமக்கு இரண்டே வழி: தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ், அல்லது இணையம். வீட்டில் டிஷ் குடை இருந்தால் ஃப்ரீ டிஷ்தான் என் தேர்வு. மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜ் இல்லை, ஆகாசவாணியின் பல அலைவரிசைகள் அதில் வருகின்றன. ரிமோட்டில் டிவி/ரேடியோ என்ற பட்டனை அழுத்தினால் பட்டியல் விழும்.

குடை ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும். அது கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. நம் சித்தூர் தாலுகாவிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வடக்கிலிருந்து சுமார் 122 பாகை திரும்பி, தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில். இவ்வளவு உச்சியில் இருப்பதால் தூரத்துத் தென்னை மறைக்காது. வீட்டை ஒட்டி நிற்கும் தென்னை மறைக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வாய் திறந்து நிற்கிற நம்ம ஊரில் அது வெறும் சொலவடை இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆனி, ஆடியில் குடை ஒரு விரல்கடை திரும்பிவிடுகிறது. படம் தெரிகிறது, ஆனால் சிக்னலின் தரம் விளிம்பில் நிற்கிறது. வெயிலில் குறையே தெரியாது. ஒரு நல்ல மழை இறங்கினால் பதிவில் நாலு இடத்தில் ஓட்டை. ஆடி முடிந்ததும் குடையின் போல்ட்டுகளை முடுக்கி, செட்டாப் பாக்ஸின் சிக்னல் பட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கார்த்திகைக்குள் இதைச் செய்துவிட வேண்டும். மலையாளத்தில் விருச்சிகம் என்று சொல்லும் அதே மாதம்தான். குருவாயூர் ஏகாதசியை ஒட்டிச் செம்பை சங்கீதோற்சவம் நடக்கும். கோயிலிலிருந்து ஆகாசவாணி நேரடியாக ஒலிபரப்பும் அந்தக் கச்சேரிகளைத்தான் உங்கள் அப்பா அதிகம் கேட்பார் என்று நினைக்கிறேன்.

பாக்ஸில் யுஎஸ்பி துளையும், ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட ரெக்கார்டு பட்டனும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் இலவச டிஷ் பாக்ஸ்கள் பலவற்றில் இருக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து செருகுங்கள். இடம் பற்றிக் கவலை வேண்டாம்: ஒலி 192 கிலோபிட்டில் வந்தால் மணிக்கு சுமார் 86 எம்பி, 128 என்றால் சுமார் 58 எம்பி. 16 ஜிபி பென்டிரைவ் ஒரு உற்சவம் முழுவதையும் விழுங்கும்.

டைமர் வைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பாக்ஸின் கடிகாரம் செயற்கைக்கோளிலிருந்து வரும் உலக நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மெனுவில் நேர வித்தியாசம் +5:30 என்று இல்லாவிட்டால் இரவு 10 மணிக் கச்சேரிக்குப் பதிலாக விடியற்காலை 3:30 மணி நிகழ்ச்சி பதிவாகிக் கிடக்கும். இதில் ஏமாந்து என் கடைக்குப் பாக்ஸைத் தூக்கி வந்தவர்கள் பலர். பாக்ஸில் ஒரு கோளாறும் இருக்காது. தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்னால், முடிவுக்குப் 10 நிமிடம் பின்னால் என்று தாராளமாக வையுங்கள். நேரடி ஒலிபரப்பில் மங்களம் கடிகாரம் பார்த்து வராது. கரண்ட் போனால் டைமரும் போகும் என்பதால் பாக்ஸை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். டிவி ஓட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது பென்டிரைவில் ஒரு கோப்பு இருக்கும், பெரும்பாலும் டிஎஸ் என்று முடியும். அதற்குள் இருப்பது எம்பி2 ஒலி. நிலையத்திலிருந்து மேலே போய் வந்த அதே பிட்டுகள். முதல் வேலையாக அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதன்மேல் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். இதுதான் மூலப்படி. தட்டு எழுதுவதெல்லாம் இதன் நகலிலிருந்துதான்.

நகலிலிருந்து ஒலியை மட்டும் உருவ எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 'காப்பி' என்ற தேர்வைக் கொடுத்தால் விரிக்காமல், மறுபடி சுருக்காமல், உறையை மட்டும் கழற்றித் தரும். முன்னும் பின்னும் உள்ள விளம்பரத்தையும் செய்தியையும் வெட்ட எம்பி3 டைரக்ட்கட் என்ற மென்பொருள். பெயரில் எம்பி3 இருந்தாலும் எம்பி2 கோப்பையும் அது நேராக வெட்டும். எம்பி2 ஒலி 1,152 மாதிரிகள் (ஒலியை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்த எண்கள்) கொண்ட துண்டுகளாக வருகிறது. விநாடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் ஒரு துண்டு 24 மில்லி விநாடி. துண்டின் எல்லையில் வெட்டினால் எதையும் மறுபடி சுருக்க வேண்டாம். 24 மில்லி விநாடி என்பது ஒரு கச்சேரியை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யத் தாராளமான நுணுக்கம். பெரும்பாலானவர்கள் கோப்பைத் திறந்து, வெட்டி, எம்பி3 ஆகச் சேமித்துவிடுகிறார்கள். தேய்மானம் அங்கேதான் நடக்கிறது.

அறிவிப்பாளரின் குரலை வெட்டாதீர்கள். பாடுபவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார் என்று அவர் சொல்வதுதான் அந்தப் பதிவின் பிறப்புச் சான்றிதழ். கண் தெரியாதவருக்கு அது அட்டைப் படத்துக்குச் சமம்.

அடுத்தது தட்டு. டிவிடி வீடியோ என்ற முறைக்கான ஒலித்தரம் 48,000 மாதிரி. இந்தியாவைப் போல 'பால்' என்ற ஒளிபரப்பு முறையில் டிவி உள்ள நாடுகளுக்கான டிவிடி பிளேயர்கள் எம்பி2 ஒலியை வாசித்தே ஆக வேண்டும் என்பதும் அந்த முறையின் விதி. வானிலிருந்து வந்ததும் எம்பி2, 48,000 மாதிரி. ஆக, செயற்கைக்கோள் வழி வந்த ஒலியை ஒரு பிட் கூட மாற்றாமல் அப்படியே டிவிடியில் உட்கார வைக்கலாம். கூட ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு அசையாப் படம் வைத்துவிடுங்கள், குருவாயூரப்பன் படமோ வெறும் கறுப்போ. டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஒலிக்கு மட்டும் 'காப்பி' என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது தானாக மறுபடி சுருக்கும். படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து 500 கிலோபிட் என்று வைத்தால் 4.7 ஜிபி தட்டில் சுமார் 20 மணி நேரம் அடங்கும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அவ்வளவு போடாதீர்கள். ஒரு தட்டுக்கு ஒரு கச்சேரி, மிஞ்சினால் இரண்டு. மெனு வைக்காதீர்கள், தட்டை உள்ளே தள்ளியதும் தானாகப் பாட வேண்டும். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஒரு அத்தியாயக் குறி வைத்தால், ரிமோட்டின் அடுத்தது பட்டனை அழுத்தி அவரே தாண்டிப் போகலாம்.

எம்பி3 கோப்புகளை ஒரு சிடியில் கொட்டிக் கொடுப்பதை நான் அவருக்குச் சொல்லமாட்டேன். மறுபடி சுருக்க வேண்டும் என்பது ஒரு குறை. பல பிளேயர்களில் அது டிவி திரையில் பெயர்ப் பட்டியலாக விரிந்து, யாராவது தேர்ந்தெடுக்கும் வரை காத்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய குறை.

டிவிடி வேண்டாம், பழைய ஆடியோ சிடிதான் என்றால் அதுவும் சரியான வழிதான். ஆனால் சிடியின் விதி 44,100 மாதிரி, 16 பிட். 48,000ஐ 44,100 ஆக மாற்ற வேண்டும். எழுதும் மென்பொருளே இதைச் செய்துவிடும். ஒழுங்காகச் செய்கிறதா என்பது அதன் தரத்தைப் பொறுத்தது. நான் ஆடாசிட்டியில் உயர்தரத் தேர்வை வைத்து ஒரே தடவை மாற்றிவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகக் கொடுப்பேன். இது சுருக்குவது இல்லை, மாதிரிகளைக் கணக்கிட்டு மாற்றுவது. காதுக்கு இழப்புத் தெரியாது. சத்தத்தை ஏற்றிக் காட்டும் வித்தைகள் எதையும் தொடாதீர்கள். ஆலாபனையின் மெல்லிய இடமும் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சமும் ஒரே சத்தத்தில் வந்தால் அது கச்சேரி இல்லை.

சிடியில் 80 நிமிடம்தான். ஒன்றரை மணி நேரக் கச்சேரியை எங்கே இரண்டாக்குவது? மென்பொருள் கேட்டால் 80ஆவது நிமிடத்தில் நறுக்கென்று வெட்டும். அது ராகத்தின் நடுவாக இருக்கும். ஆலாபனைக்கும் அதைத் தொடரும் கிருதிக்கும் நடுவில் வெட்டுவதும் கூடாது. ஆலாபனை கட்டி எழுப்பியதைத்தான் கிருதி எடுத்துக்கொள்கிறது. நிரவல், ஸ்வரம் நடுவில் கூடவே கூடாது. பிரதான உருப்படி தொடங்குவதற்கு முன்னால் முதல் தட்டை முடித்துவிட்டு, இரண்டாம் தட்டை அந்த ராக ஆலாபனையில் தொடங்குங்கள். முதல் தட்டு 40 நிமிடத்தில் முடிந்தாலும் பரவாயில்லை. தனி ஆவர்த்தனம் முடிந்து பாட்டு மறுபடி எடுத்து நிறைந்து, துக்கடாவெல்லாம் கேட்டு, மங்களத்தோடு அவர் எழுந்திருக்கட்டும். எழுதும்போது 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு 2 விநாடி மௌனம் விழும், கைதட்டல் அறுந்து அறுந்து கேட்கும்.

புது லேப்டாப்பில் தட்டு எழுதும் ரைட்டர் இருக்காது. யுஎஸ்பியில் செருகும் வெளி ரைட்டர் வாங்கிக்கொள்ளலாம். அதிவேகத்தில் எழுதாதீர்கள், சிடியை 16 மடங்கு, டிவிடியை 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்க்கும் தேர்வையும் போடுங்கள். பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூ என்று எழுதிய, அழித்து எழுதும் தட்டுகளை வாசிக்க முரண்டு பிடிக்கும். ஒரு தடவை எழுதும் ஆர் தட்டு போதும்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டீர்கள். வருடக் கணக்கு எதுவும் நான் சொல்லமாட்டேன், அம்மணி. வைத்துக்கொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. எழுதும் தட்டில் ஒலி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் சாயத்தை வெளுக்கும். சிடியில் அந்தப் படலமும் அதன்மேல் உள்ள உலோகப் பூச்சும் எழுத்து உள்ள மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கின்றன. எல்லோரும் பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் காகித லேபிள் ஒட்டினேன். மழைக்காலத்து ஈரத்தில் லேபிள் சுருங்கி, பூச்சையே உரித்துக்கொண்டு வந்துவிட்டது. எழுதுவதானால் நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில், மெல்லிய மார்க்கரால். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாலு மாதம் அடிக்கிற ஊரில் வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரி வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். நிற்க வைத்து, இருட்டில், மூடிய டப்பாவில்.

அப்பா தட்டை அடையாளம் காணத் தட்டின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். சுற்றும்போது நிறை ஒரு பக்கம் இழுக்கும். உறையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டு வையுங்கள். ஒரு வெட்டு வாய்ப்பாட்டு, இரண்டு வெட்டு நாகஸ்வரம், மூன்று வெட்டு வீணை. விரல் படித்துவிடும். மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கட்டும். தட்டு கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியம் அப்போதுதான் வரும்.

குடை இல்லாதவர்களுக்கு ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது. கர்நாடக, இந்துஸ்தானி சங்கீதத்துக்கென்று 2016 ஜனவரி 26இல் தொடங்கிய 24 மணி நேர 'ராகம்' அலைவரிசையும் அதில் கேட்கும். இணைய ஒலி சில விநாடித் துண்டுகளாக வந்து சேர்கிறது. கம்ப்யூட்டரில் விஎல்சி அல்லது எஃப்எஃப்எம்பெக் கொண்டு, இங்கும் 'காப்பி' முறையில், வந்தபடியே சேமிக்கலாம். ஆனால் நம் எல்லையில் ஒரு தொல்லை உண்டு. போன் ஒரு நேரம் கேரளா டவரையும் அடுத்த நேரம் தமிழ்நாடு டவரையும் பிடிக்கும். மாறும் நொடியில் இணைப்பு அறுந்து ஒரு துண்டு காணாமல் போகும், அனுபல்லவியில் ஒரு வார்த்தை விழுங்கப்பட்டிருக்கும். போனின் இணைய இணைப்பை நம்பிப் பதிவு செய்வதானால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கையால் தேர்ந்தெடுப்பதற்கு மாற்றி, ஒரே டவர் வட்டத்தில் நிறுத்துங்கள். வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

சட்டம்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு ஒலிபரப்பும் நிறுவனத்துக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு, பதிவு செய்பவர் தம் சொந்த உபயோகத்துக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ செய்யும் ஒலிப்பதிவு அந்த உரிமையை மீறியதாகாது என்கிறது. உங்கள் வீட்டில் உங்கள் அப்பா கேட்கப் பதிவு செய்வதில் தப்பில்லை. பத்துப் பிரதி எடுத்து விற்பதும், இணையத்தில் ஏற்றி ஊருக்கு விடுவதும் வேறு. அது பாடியவரின் உரிமையையும் தொடும்.

பாக்ஸின் பின்பக்கத்தையும் டிவிடி பிளேயரின் முன்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் தட்டு அதில் ஓடும் என்று பார்த்துச் சொல்கிறேன். முதலில் ஒரு அரை மணி நேர நிகழ்ச்சியை மட்டும் பிடித்து, ஒரு தட்டு எழுதி, அப்பாவை விட்டே போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று உதவ வேண்டாம். அவர் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த தட்டை அதற்கேற்ப எழுதுங்கள்.